நாலு கிலோ கூடுதல்

அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்த அம்மாளை எல்லாரும் ஸ்டோரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல் ஸ்டோருக்கு இருபத்தெட்டு வருஷம் பொறுப்பாளராக இருந்தவர். பின்வாசலில் வந்து இறங்கும் மூட்டை எதுவானாலும் அவர் கண்ணில் பட்டு, தராசில் ஏறி, பதிவேட்டில் விழுந்த பிறகுதான் உள்ளே போகும். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கினவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சும்மா சொல்லக் கூடாது, அவரைக் கண்டாலே சரக்கு கொண்டுவருகிறவர்கள் மூட்டையை இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பார்கள். மேல் மூட்டையைத் தொடவே மாட்டார். அடி மூட்டையை உருவச் சொல்லி, அதிலும் அடிப்பக்கம் கையை விட்டுத் துழாவுவார். எடை குறைந்தால் ஒரு முறைப்போடு விட்டாலும் விடுவார், கூடினால்தான் அவருக்குக் குடைச்சல். ஒரு தடவை வெங்காயம் மூட்டைக்கு இரண்டு கிலோ கூடுதலாக வந்தது. கூட இருந்தவர்கள் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். இவர் மட்டும் அடி மூட்டையைப் பிரித்தார். உள்ளே சொதசொதவென்று ஈரம். "தண்ணி ஏறியிருக்கு, திருப்பி எடுத்துட்டுப் போ" என்று வண்டியை வந்த வழியே அனுப்பிவிட்டார். அன்றையிலிருந்து எடை கூடினால் தண்ணீர் என்பது அவர் மனசில் கல்லில் வெட்டினது மாதிரி நின்றுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. தராசில் வைக்காமல் நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதிவைத்த உதவியாளர் ஒருவரை, நல்ல மனிதர்தான், பிள்ளைகுட்டிக்காரர்தான், ஸ்டோரை விட்டே மாற்ற வைத்தார். "பார்த்து எழுது" என்பதுதான் அந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை.

அப்பேர்ப்பட்டவருக்கு அறுபத்தாறு வயதில் இதயம் மக்கர் செய்தது. மாடிப்படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், காலையில் எழுந்ததும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்ய வேண்டும் என்று டாக்டர் வரிசையாகச் சொல்லி அனுப்பினார். வேறு ஊரில் இருக்கும் மகன், வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். மகன் வீட்டில் இவருக்கென்று ஒதுக்கியிருந்தது துணி இஸ்திரி போடும் அறை. அதில் ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில், உடம்பு முடியாதவர்களுக்கு வீட்டுக்கே சாமான் கொண்டுவந்து கொடுக்க மருத்துவமனையில் ஓர் ஏற்பாடு இருப்பது தெரிந்து, அது ஒழுங்காக நடக்கிறவரைக்கும் நீ அங்கேயே இரு, நின்றுபோன அன்றைக்கு நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று மகன் இறங்கி வந்தான்.

முதலில் வந்த ஆள் ஒரு மாதத்தில் ஓடிவிட்டார். ஓடாமல் என்ன செய்வார்? வாசலில் நிற்க வைத்து, ஏன் கால்சட்டைப் பை புடைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் ரோஷம் வராது? உள்ளே இருந்தது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. ஏற்பாட்டைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இன்னொருவரை அனுப்புகிறோம், அவரும் வர மாட்டேன் என்றால் எங்களிடம் வேறு ஆள் இல்லை என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே, இரண்டாவதாக வந்த பெண்ணும் கோபித்துக்கொண்டு போனால் ஸ்டோரம்மாவுக்கு இஸ்திரி அறைதான்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பதினொரு மணிக்கு, மூன்று மாடி ஏறி, நீலப்பையை வாசல் பெஞ்சில் வைப்பாள். அதிகம் பேச மாட்டாள். அதுவே ஸ்டோரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வாயாடிகளை நம்பலாம், வாயை மூடிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கிறவர்களை நம்பக் கூடாது என்பது அவர் அனுபவம். நேரில் ஒன்றும் கேட்க முடியாதே! வாயைக் கட்டிக்கொண்டார். அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் வேலையை ஆரம்பிப்பார்.

எடை பார்க்க மகன் வாங்கிக் கொடுத்த, ஏறி நிற்கிற தராசு ஒன்று குளியலறை வாசலில் கிடந்தது. பையை நேராக அதன்மேல் வைத்தால் எண் தெரியும் இடத்தை மூடிவிடும். அதனால் பையைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறி நிற்பார். வருகிற எண்ணில் தன் எடை ஐம்பத்தெட்டைக் கழித்தால் பையின் எடை. பையோடு வரும் சாமான் சீட்டில் உள்ள எடைகளைக் கூட்டி அதோடு ஒத்துப் பார்ப்பார். கனம் தூக்கக் கூடாதென்றுதான் பை வீட்டுக்கு வருகிறது. அதை இந்த மகராசி வாரம் இரண்டு தடவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். சொன்னால் சிரிப்பார்கள்.

முதல் மூன்று வாரம் எல்லாம் சரியாக இருந்தது. நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, சீட்டுப்படி எட்டு கிலோ இருக்க வேண்டிய பை ஒன்பது காட்டியது. வெள்ளிக்கிழமை இரண்டு கிலோ கூடுதல். ஸ்டோரம்மாவின் காது நிமிர்ந்துவிட்டது. பையைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். சீட்டில் இருந்ததெல்லாம் இருந்தது, இல்லாதது ஒன்றுகூட இல்லை. அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பால், அவர் ஆசைப்பட்டு எழுதின இரண்டு பாக்கெட் உப்பு பிஸ்கட். எல்லாம் சொன்னபடி இருக்க, எடை மட்டும் எங்கிருந்து கூடும்?

தண்ணீர்தான், வேறென்ன. நல்ல வெங்காயத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை நனைத்துவிடுகிறாள், அளவு தெரியாமல் அதிகமாக நனைத்து மாட்டிக்கொண்டாள் என்று முடிவு கட்டினார். வெங்காயத்தைச் செய்தித்தாளில் பரப்பி வைத்துப் பார்த்தார். தாள் நனையவில்லை. அரிசியில் கையை விட்டார். கலகலவென்று காய்ந்து கிடந்தது. கெட்டிக்காரிதான் போலிருக்கிறது என்று அவள்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

போதாக்குறைக்கு அந்தப் பெண்ணின் போக்கும் சரியில்லை. பையை வைத்துவிட்டுப் போகாமல், இவருடைய காலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள், பழைய செருப்பு எங்கே, ஏன் மாற்றிவிட்டீர்கள் என்று கேட்டாள். பழையது இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் விட்டுவிட்டேன் என்றார் இவர். இன்னொரு நாள், ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்றாள். என் தலையணையைப் பற்றி இவளுக்கென்ன? தலையணைக்கடியில் எதையாவது வைத்திருக்கிறேனா என்று நூல் விட்டுப் பார்க்கிறாளா? மூன்று என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே அலமாரிச் சாவியை இடம் மாற்றி வைத்தார். சாவி எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது. இவளால் எனக்கு இந்த அவஸ்தை என்று அதற்கும் அவளையே திட்டினார்.

ஐந்தாம் வாரம் செவ்வாய், மூன்று கிலோ கூடுதல். தங்கையிடம் போனில் சொல்லிப் புலம்பினார். கூட வந்தால் கும்பிடு போட்டு வாங்கிக்கொள்ளேன் அக்கா என்று தங்கை சிரித்தாள். இதெல்லாம் உனக்கு எங்கே புரியப் போகிறது என்று போனை வைத்துவிட்டார். வாரத்துக்கு ஒரு தடவை மருத்துவமனை நர்ஸும் போனில் கேட்பாள். நோட்டில் எழுதியிருப்பதை இவர் வாசிப்பார். திங்கள் ஐம்பத்தெட்டு, செவ்வாய் ஐம்பத்தெட்டு, புதன் ஐம்பத்தெட்டு. அச்சடித்த மாதிரி வைத்திருக்கிறீர்களே அம்மா என்று நர்ஸ் மெச்சினாள். இவருக்கும் பெருமைதான்.

வெள்ளிக்கிழமை நாலு கிலோ கூடியது. இந்தத் தடவை அந்தப் பெண் போகும்வரைக்கும்கூட அவரால் பொறுக்க முடியவில்லை. அவள் முதல் படியில் கால் வைத்தபோது, இடுப்பில் பையோடு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டார். இஸ்திரி அறை ஞாபகம் வராமல் இல்லை. ஆனாலும் கண்முன்னே நடக்கிற திருட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்துக்கு என்ன அர்த்தம்?

"ஏம்மா, சீட்டுல எட்டு கிலோ. பை பன்னெண்டு காட்டுது. என்னத்தம்மா நனைக்கிறே?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. திரும்பி விடுவிடுவென்று இறங்கிப் போயிருக்கலாம், போயிருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. அவள் தராசைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். பிறகு எப்படி எடை பார்த்தீர்கள் என்று கேட்டாள். இவர் செய்து காட்டாத குறையாக விளக்கினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு தராசில் ஏறினாள். அறுபத்து மூன்று. பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். ஐம்பத்தைந்து.

"எட்டுதாம்மா" என்றாள். "இப்ப பை இல்லாம நீங்க ஏறுங்க."

"நான் எதுக்கு ஏறணும்? என் எடை எனக்குத் தெரியாதா? அம்பத்தெட்டு."

"என்னைக்குப் பார்த்தீங்க?"

ஸ்டோரம்மா நோட்டை எடுக்கக் கையை நீட்டினார். பாதியிலேயே இழுத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் தினமும் ஏறி நின்று பார்த்தது உண்மைதான். தினமும் அதே எண் வந்தது. நான் என்ன வெங்காய மூட்டையா, விடிந்தால் எடை மாற, என்று அப்புறம் ஏறுவதை விட்டுவிட்டார். எழுதுவதை மட்டும் விடவில்லை. காப்பி குடிக்கும்போதே நோட்டைத் திறந்து, தேதி போட்டு, ஐம்பத்தெட்டு என்று முத்து முத்தாக எழுதி மூடிவைப்பார். பார்க்காமல், நிறுக்காமல், நேற்றைய எண்ணை. ஊர் மூட்டையை எல்லாம் அவிழ்த்துப் பார்த்தவர் சொந்த நோட்டில் செய்த காரியம் இது.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். அறுபத்திரண்டு.

அந்தப் பெண் குனிந்து, இவர் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி அப்படியே நின்றது. இரண்டு பேரும் அந்தக் குழியையே பார்த்தார்கள்.

"தண்ணிம்மா" என்றாள் அவள். "ரெண்டு வாரமா உங்க கால் வீங்கிட்டே வருது. தண்ணி ஏறினா செருப்பு இறுக்கும், தலையணை கூட்டிக்கத் தோணும்னு ஆஸ்பத்திரில எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க, அதான் கேட்டேன். நர்ஸ்கிட்ட விசாரிச்சா, எடை சரியா இருக்குன்னு நீங்களே சொன்னதாச் சொன்னாங்க."

ஸ்டோரம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மூட்டையில் தண்ணீர் தேடினாரே, அரிசியைத் துழாவினாரே, காகிதத்தை விரித்து வெங்காயத்துக்குக் காவல் இருந்தாரே! தண்ணீர் ஏறின மூட்டை இத்தனை நாளும் அவரோடேயே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

போனை அந்தப் பெண் எடுக்கப் போனாள். கொடு என்று வாங்கி நர்ஸிடம் இவரே பேசினார். எடை ஏறிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம், அதற்கே வண்டி அனுப்பியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் மகன் காதுக்குப் போகும், தனியாக விட முடியாது என்று அவன் சொல்ல அது ஒன்று போதும். அது தெரிந்துதான் சொன்னார்.

"அறுபத்திரண்டு. இன்னைக்குத்தான் பார்த்தேன். இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் பொய், நிறுக்காம எழுதினது."

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி போட்டு நீரை வடித்தார்கள். மகன் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்தவன் அதை மூடி அம்மாவின் தலைமாட்டில் வைத்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வீட்டுக்குத் திரும்பிய அன்று, பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினான். இவரும் தடுக்கவில்லை. தடுக்க என்ன முகம் இருக்கிறது? ஸ்டோரை விட்டு அனுப்பின அந்த உதவியாளரும் அன்றைக்கு இப்படித்தான் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார் என்று ஞாபகம் வந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் வருவாள் என்று ஸ்டோரம்மா நினைக்கவே இல்லை. நீலப்பையை பெஞ்சில் வைத்தாள். சீட்டில் உப்பு பிஸ்கட்டை அடித்துவிட்டேன் என்றாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, மகனிடம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது உங்கள் இஷ்டம், இங்கேயே இருந்தால் வாரம் இரண்டு நாள் எடையை நான் என் கையால் எழுதுகிறேன், மற்ற நாளில் அம்மாவே தராசைப் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பட்டும் என்றாள். அவள் குரலில் பெரிய பாசமெல்லாம் இல்லை. திருடியாக நினைத்துக் கேட்டது இன்னும் ஆறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மகன் கையில் பாதி மடித்த துணியோடு அம்மாவைப் பார்த்தான். அடுத்தவர் எழுதின எண்ணைத் தானே சரிபார்க்காமல் ஸ்டோரம்மா ஒருநாளும் விட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஸ்டோரம்மா செருப்பைக் கழற்றினார். நோட்டையும் பேனாவையும் எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். சுவரைப் பிடிக்காமல் தராசில் ஏறி, எண்ணைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னைக் கேட்டு எழுதாதேம்மா" என்றார். "பார்த்து எழுது."