எட்டு முறையும் பூ

இளநீரில் வழுக்கை இருக்கிறது என்று கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும் கிருஷ்ணவேணி நம்ப மாட்டாள். காயை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். இன்னொன்றையும் எடுத்துக் குலுக்குவாள். அப்புறம்தான் வெட்டச் சொல்லுவாள். கேஸ் சிலிண்டர் வந்தால் சீலை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். கணவர் பூதலிங்கம் பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையில் கணக்குப் பார்க்கிறவர். சாயங்காலம் கொஞ்சம் தாமதமாக வந்து, "பஸ் கிடைக்கல்ல" என்று அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், "எந்த பஸ்ஸு?" என்று உள்ளேயிருந்து கேள்வி வரும்.

அந்தக் குணம்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பூதப்பாண்டியிலிருந்து கல்யாணமாகி திருவனந்தபுரம் வந்த புதிதில், கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்குப் போனாள். ஆபீஸில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, இடம் நிரம்பிவிட்டது என்றார். வேறு யாராக இருந்தாலும் வெளியே வந்து ஆட்டோ பிடித்திருப்பார்கள். அவள், "யாரைப் போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். அவர் முழித்தார். யாரையும் போட்டிருக்கவில்லை. சிபாரிசோடு வரப்போகும் ஒருத்திக்காக இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். அன்று மதியமே கிருஷ்ணவேணி ஆறாம் வகுப்புக்குள் நின்று பின்னம் நடத்தினாள்.

அதற்குப் பிறகு சந்தேகப்படுவதை அவள் ஒரு குறையாக நினைக்கவே இல்லை. பரீட்சை ஹாலில் அவள் இருந்தால் பிள்ளைகள் பக்கத்திலிருப்பவனிடம் ரப்பர் கூடக் கேட்க மாட்டார்கள். பென்சில் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் கீறி வைத்திருந்த சூத்திரங்களைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தீராத சந்தேகம் ஒன்று இருந்தது. அதே நிர்வாகத்துக்கு வித்துராவில் இன்னொரு பள்ளி உண்டு. வருஷப் பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க இங்கிருந்து ஒருவர் தினமும் அங்கே போய்வர வேண்டும். விடிவதற்கு முன்பே பஸ் பிடிக்க வேண்டும். திரும்பி வீடு வரும்போது இடுப்பு தனியாகக் கழன்றுவிடும். யாரும் விரும்பிப் போகாததால் நடுநிலை வகுப்பு டீச்சர்கள் எட்டுப் பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவது வழக்கம். இரண்டு வருஷமாய்த் தொடர்ந்து கிருஷ்ணவேணியின் பெயரே வந்தது.

சீட்டு எழுதி மடிப்பவர் ஆபீஸ் உதவியாளர் சத்தியதாஸ், மலையாளி. ஆய்வறைச் சாவியை நேரத்துக்குத் தருவதில்லை என்று ஒரு தடவை அவள் ஹெட்மிஸ்ட்ரஸிடம் அவரைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தாள். அதன் பிறகுதான் முதல் சீட்டு வந்தது. போதாதா? தன் சீட்டை மட்டும் தடித்த தாளில் எழுதுகிறாரா, மேலாக வைக்கிறாரா என்று யோசித்து யோசித்து, இரண்டு வருஷமாய் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாவி வேண்டுமென்றால் ஒரு பிள்ளையை அனுப்புவாள்.

"இந்த வருஷம் எப்படியும் எனக்கு வராது. ரெண்டு தடவை வந்தாச்சே" என்று ஜனவரியில் பூதலிங்கத்திடம் சொன்னாள். "மறுபடியும் வந்துதுன்னு வையுங்க, அது கள்ளம்தான். விட மாட்டேன்."

அந்த ஜனவரியில்தான் ஏழாம் வகுப்புக்கு நிகழ்தகவு பாடம் வந்தது. இங்கிலீஷ் மீடியம்தான். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் அவள் தமிழிலேயே பேசுவாள். நாணயம், பகடை, பைக்குள் போட்ட சிவப்பு நீலக் கோலிகள் எல்லாம் கொண்டுவந்து காட்டினாள். பூ விழவும் தலை விழவும் சமவாய்ப்பு என்றாள். "நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை என்ன விழுந்ததுன்னு அதுக்குத் தெரியாது" என்று சொல்லி, அதைப் போர்டிலும் எழுதினாள். வீட்டில் ஒரு நாணயத்தை ஐம்பது தடவை சுண்டி, விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

மறுநாள் பிள்ளைகள் கொண்டுவந்ததைத் திருத்தியபோது எல்லாம் கண்ணுக்கு அழகாக இருந்தது. பூ, தலை, தலை, பூ, தலை, பூ. கூட்டினால் இருபத்தைந்துக்குப் பக்கத்தில். வகுப்பில் முதல் மாணவனான பிரணவுக்குச் சரியாக இருபத்தைந்து. அவனுக்கு ஒரு நட்சத்திரம் போட்டாள். அடுத்து ஸ்ரீவராகத்திலிருந்து வரும் ஜானவியுடையது. நடுவில் ஓரிடத்தில் பூ, பூ, பூ என்று எட்டு முறை தொடர்ச்சியாய் எழுதியிருந்தாள். கிருஷ்ணவேணியின் சிவப்புப் பேனா நின்றது. பென்சில் பெட்டி மூடியைத் திறந்த அன்று உள்ளுக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்ததே, அது மறுபடியும் நிமிர்ந்தது.

"ஜானவி, எழுந்திரு. இதை நீ சுண்டித்தான் எழுதினியா?"

"ஆமா டீச்சர்."

"எட்டுத் தடவையும் பூவா?"

"ஆமா. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்தது."

"சுண்ட மடி, சோம்பேறித்தனம். வரிசையா பூ பூன்னு எழுதிட்டு வந்துட்டே. இல்லையா?"

ஜானவி குட்டையான பெண், கண்ணாடி போட்டிருப்பாள், அதிகம் பேச மாட்டாள். "இல்லை டீச்சர். நான் நிஜமாவே பண்ணினேன். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னேள்?" என்றாள்.

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிருஷ்ணவேணிக்கு முகம் சுட்டது. "எதிர்த்துப் பேசாதே. நாளைக்கு அம்மா கையெழுத்தோட திரும்ப எழுதிட்டு வா" என்று நோட்டை மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். ஜானவி வந்து எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால் அவள் பொய் சொன்னாள் என்று கிருஷ்ணவேணி நிம்மதியாக முடிவு கட்டியிருப்பாள்.

சாயங்காலம் சாம்பாருக்குப் பருப்பு வேகும்போதும் அந்தப் பெண்ணின் கேள்வி காதிலேயே நின்றது. ஞாபகம் இல்லாத நாணயம் எட்டுத் தடவை ஒரே மாதிரி விழக்கூடாது என்று தனக்கு யார் சொன்னது? பூதலிங்கம் வந்ததும் வராததுமாய், "சட்டைப் பையில சில்லறை இருந்தா ஒண்ணு தாருங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"சுண்டிப் பாக்கணும். நீங்க எழுதுங்க."

அவர் சாப்பாட்டு மேஜையில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினார். அவள் சுண்டினாள். பூ, தலை, பூ, பூ, தலை என்று வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று தலை விழத் தொடங்கியது. மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதும் தலை. அவள் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு கணவரை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க ஒழுங்காத்தான எழுதுதீங்க?"

"எம்மா, உனக்க கையாலதான சுண்டுத? நான் இங்க உக்காந்து எழுதுதேன். இதுல நான் என்ன கள்ளம் பண்ண முடியும்?"

நாணயத்தை மாற்றினாள். இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். விரலின் பழக்கமாக இருக்கும் என்று அவரைச் சுண்டச் சொல்லித் தான் எழுதினாள். இந்தத் தடவை பூ ஐந்து முறை சேர்ந்து வந்தது. மறுபடியும் சுண்டினார்கள். தலை ஏழு. பூதலிங்கத்துக்குப் பசி வந்துவிட்டது. அவள் தாளை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிஜமாகச் சுண்டிய மூன்று வரிசையிலும் இப்படிக் கொத்துக் கொத்தாய் வந்திருக்கிறது. பிள்ளைகளின் நோட்டில் ஒருத்தருக்குக் கூட மூன்றுக்கு மேல் சேர்ந்து வரவில்லை. ஜானவியைத் தவிர.

சந்தேகம் தான் நின்ற இடத்தைவிட்டு மெல்ல நகர்ந்து மற்ற எல்லார் மேலும் போய் நின்றது.

மறுநாள் வகுப்பில் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இரண்டிரண்டு பேராய் உட்கார வைத்தாள். ஒருவர் சுண்ட வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். நாணயம் டெஸ்குக்குக் கீழே விழுந்தால் அது கணக்கில் சேராது. பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் போடாதே என்று ஆள் வருமளவுக்குச் சில்லறை குலுங்கியது. முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியாய் எழுந்து, சேர்ந்து வந்ததில் எது நீளம் என்று சொன்னார்கள். ஐந்து. ஆறு. ஐந்து. நான்கு. ஏழு. ஆறு.

"இனி நேத்து எழுதிட்டு வந்ததை எடுங்க" என்றாள். "அதுல எவ்வளவு நீளம்?"

நோட்டுகள் மெதுவாகத் திறந்தன. கடைசியில் பிரணவ்தான் எழுந்தான். காது சிவந்திருந்தது.

"டீச்சர், நான் கொஞ்சம் சுண்டினேன். அப்புறம் காயின் உருண்டு கட்டிலுக்கு அடியில போயிடுத்து. மிச்சத்தை நானே எழுதிட்டேன்."

அதோடு ஒவ்வொருவராய்த் தலையைக் குனிந்தார்கள். ஒருத்திக்கு டியூஷன் இருந்தது. ஒருவனுக்கு அண்ணன் எழுதிக் கொடுத்தான். கைக்கு வந்தபடி எழுதும்போது, மூன்று பூ வந்தாலே பயந்து தலை போட்டுவிடுகிறார்கள் என்பது கிருஷ்ணவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஏமாற்றியவர்கள் எல்லாம் அவள் எதிர்பார்த்தபடியே எழுதியிருந்தார்கள். எதிர்பார்க்காததை எழுதியவள் ஒருத்திதான்.

"ஜானவி" என்று கூப்பிட்டாள். "நீ செஞ்சதுதான் சரி. நான் நேத்து சொன்னது தப்பு. எல்லாருக்கும் முன்னால சொன்னேன், அதனால எல்லாருக்கும் முன்னாலயே சொல்றேன். என்னை மன்னிச்சுக்கோ."

ஜானவி எழுந்து நின்றாள். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"இன்னிக்கு நாங்க எல்லாரும் சுண்டினதை நீங்க பாத்துண்டே இருந்தேள். அதனால நம்பறேள். நான் ஆத்துல தனியாப் பண்ணினதை எப்படி நம்பறேள் டீச்சர்? இப்பவும் நான் பொய் எழுதியிருக்கலாமே?"

அவமானப்படுத்தக் கேட்ட கேள்வி இல்லை. அந்தக் குழந்தை மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. எட்டுப் பூ விழ முடியும் என்று மட்டும்தான் அவளால் நிரூபிக்க முடிந்தது. விழுந்தது என்று நிரூபிக்க யாராலும் முடியாது. "உன்னை நம்பறேன்" என்றாள், அது எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டே. ஜானவி, "சரி டீச்சர்" என்று உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுவதும் கிருஷ்ணவேணி எதைச் சொன்னாலும், கண்ணாடிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளை எடை போட்டுக்கொண்டே இருந்தன. இது எங்கிருந்து வந்த பார்வை என்று அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரியில் வித்துரா சீட்டு வந்தது. ஸ்டாஃப் ரூமில் எட்டுப் பேரும் கூடினார்கள். சத்தியதாஸ் சீட்டுகள் போட்ட பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கிருஷ்ணவேணி எழுந்தாள்.

"குலுக்குறதுக்கு முன்னால எல்லாச் சீட்டையும் பிரிச்சுப் பாக்கணும்."

சத்தியதாஸ் அவளை நேராகப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், நெற்றியில் ஒரு நரம்பு புடைத்தது.

"டீச்சருக்கு என்னைச் சம்சயம், அல்லே?"

"ஆமா" என்றாள் அவள். "ரெண்டு வருஷமா சந்தேகம்தான். மனசுக்குள்ள வச்சுட்டுத் திரியறதைவிட ஒரு தடவை பாத்துடறது நல்லது. உங்களுக்கும்தான்."

அவர் டின்னைக் கவிழ்த்தார். எட்டுச் சீட்டு. ஒரே தாள், ஒரே அளவு, எட்டு வேறு வேறு பெயர். அவளே பிரித்தாள், அவளே திரும்ப மடித்தாள், அவளே குலுக்கினாள். எடுக்கும் வேலையை மட்டும், அந்த வருஷம்தான் சேர்ந்திருந்த ஆஷாவிடம் கொடுத்தாள். ஆஷா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிருஷ்ணவேணி டீச்சர்."

அறையே வெடித்துச் சிரித்தது. சத்தியதாஸ் சிரிக்கவில்லை. "வேணுமெங்கில் இன்னொரு தடவை எடுக்கலாம் டீச்சரே. எனக்கு ஒண்ணும் ஆட்சேபமில்ல" என்றார்.

அவளுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. மடித்தது தான், குலுக்கியது தான். இதில் யாரைப் பிடிப்பது? "வேண்டாம்" என்றாள். "விழுந்தது விழுந்ததுதான்." பிறகு எல்லாரும் கலைந்து போகும்வரை நின்று, "சத்தியதாஸ் சேட்டா, நான் ரெண்டு வருஷமா உங்களைத் தப்பா நினைச்சிருக்கேன்" என்றாள்.

"எனக்கு அறியாம்" என்றார் அவர். "சாவிக்குப் பிள்ளைங்களை அனுப்பினப்பவே தெரியும்." அதற்குமேல் இளகிவிடவில்லை. டின்னை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அடுத்த வாரம் அவள் தானே போய்ச் சாவி கேட்டபோது உடனே எடுத்துக் கொடுத்தார்.

மார்ச்சில் அவள் வித்துராவுக்குப் போய் வந்தாள். முதல் நாள் விடியலில் பஸ் ஏறும்போது கண்டக்டர், உட்கார இடம் இருக்கிறது என்றார். கிருஷ்ணவேணி படியில் நின்றபடியே எட்டி உள்ளே பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.