தொம்பத்து கேட்டவருக்கு ஒன்பது போத்தல்

எண்ணெய் வியாபாரத்தில் முதலில் வழுக்குவது தரையன்று, நாக்கு. பழைய ஜீப்பு ஒன்றை வாங்கிவிட்டு, அதன் கியர் பெட்டிக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்று கடை கடையாக ஏறி இறங்கிய அன்பர்களே, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் பட்ட துன்பத்தில் பாதியையேனும் இந்தப் பக்கம் நின்று நானும் பட்டிருக்கிறேன். யுத்தம் முடிந்து, பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட ஜீப்புகள் பெங்களூர் வீதிகளை நிறைத்திருந்த காலம் அது. அல்சூரில் ஓர் எண்ணெய்க் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் நான் அறிந்த எண்ணெய்கள் இரண்டே: சந்நிதி விளக்குக்கு வார்ப்பது ஒன்று, சனிக்கிழமை தலைக்கு வைப்பது மற்றொன்று. கோயிலில் நான் பதிகம் ஓதுவதைக் கேட்டிருந்த முதலாளி, பதிகத்தில் பிழை விடாதவன் பீப்பாயிலும் பிழை விடமாட்டான் என்று நம்பினார். அந்த நம்பிக்கை எங்கெங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கீழே காண்க.

பெரிய எண்ணின் பெருமை

கியர் எண்ணெய் தொண்ணூறு என்று ஒரு பீப்பாயிலும், நூற்று நாற்பது என்று மற்றொரு பீப்பாயிலும் இருந்தது. அந்த எண்கள் எண்ணெயின் தடிப்பைக் குறிப்பவை என்று எனக்கு எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நூற்றெட்டுப் போற்றியைக் காட்டிலும் ஆயிரத்தெட்டுப் போற்றிக்குப் பலன் மிகுதி என்று அறிந்து வளர்ந்தவன் ஆதலால், தொண்ணூறைக் காட்டிலும் நூற்று நாற்பது மேலானது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மார்கழி மாதத்தில் ஒருநாள், அத்திபெலேக் கல் குவாரியில் ஜீப்பு ஓட்டும் டிரைவர் ஒருவர் வந்து தொண்ணூறு கேட்டார். அவரை வற்புறுத்தி நூற்று நாற்பதை வாங்கச் செய்து, வாழ்த்தியும் அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். விடியற்காலைக் குளிரில் அந்த எண்ணெய் பாகாக இறுகி, கியர் கம்பியை இரண்டு கையாலும் தள்ளினாலும் அசையாமல் நின்றிருக்கிறது. மனிதர் கோபப்படவில்லை. கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வீட்டு விசேஷம் சொல்வதுபோல் சொன்னார்:

“சாமி, நீங்க கொடுத்த எண்ணெய ஊத்தினதுலேர்ந்து என் ஜீப்பு கவர்மெண்டு ஆபீசரு மாதிரி ஆயிடுச்சு. பத்து மணிக்கு முன்னாடி ஒரு வேலையும் நடக்க மாட்டேங்குது.”

எருதுகள் அறியாதிருக்கட்டும்

எதிர் வரிசையில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த ரஹீம் பாய் இதைக் கேள்வியுற்று, என்னைத் தம் பட்டறைக்கு அழைத்தார். ஒரு தகரத்தில் இரண்டு எண்ணெய்களிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுச் சாய்த்துக் காட்டினார். ஒன்று நடந்தது; மற்றொன்று யோசித்தது. நம் ஊர்க் குளிருக்கு ஜீப்பின் கியர் பெட்டியில் தொண்ணூறே தகும் என்பதும், மிகவும் இளகிய எண்ணெயாக இருந்தால் வெப்பத்தில் நீராகிப் பற்களைக் கைவிட்டுவிடும் என்பதும் அன்று விளங்கின. இறைவன் முன் நெஞ்சம் உருக வேண்டும். கியர் பெட்டியில் எண்ணெய் உருகக் கூடாது. இந்த வேற்றுமையை நான் அன்றே குறித்து வைத்துக்கொண்டேன்.

குறித்து வைத்ததைச் சொல்ல ஆள் வேண்டுமே. மறு வாரம் விவசாயி ஒருவர் ஏலத்தில் எடுத்த ஜீப்போடும், கையில் ஒரு புட்டி புங்க எண்ணெயோடும் வந்தார். தம் மாட்டு வண்டியின் அச்சுக்குத் தலைமுறையாக அதுதான் என்றும், ஜீப்புக்கும் அதையே ஊற்றலாமா என்றும் கேட்டார். நான் வெப்பம், குளிர், உருகுதல், உறைதல் ஆகிய நான்கையும் முறையே விரித்துரைத்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புட்டியை மடியில் கட்டிக்கொண்டார்.

“சரிங்க சாமி, நீங்க சொல்ற எண்ணெயே கொடுங்க. ஆனா இது என் எருதுங்க ரெண்டுக்கும் தெரியக் கூடாது. அப்புறம் அதுங்களும் கம்பெனி எண்ணெய் கேக்கும்.”

முன்னே நஞ்சு, பின்னே அமுதம்

எங்கள் கடையில் மூன்றாவதாக ஒரு பீப்பாய் இருந்தது. அதிலும் தொண்ணூறு என்றே எழுதியிருக்கும். ஆனால் கந்தகம் கலந்தது. மூடியைத் திறந்தால் தீபாவளி மறுநாள் தெரு எப்படி மணக்குமோ அப்படி மணக்கும். ஜீப்பின் அச்சுகளில் உள்ள பல்சக்கரங்களுக்கு அது அமுதம். கியர் பெட்டியிலோ பித்தளை வளையம் இருக்கிறது. கந்தகம் அந்தப் பித்தளையை மெல்ல மெல்ல அரித்துவிடும். பாற்கடல் ஒன்றிலேயே அமுதமும் நஞ்சும் பிறந்ததைப் படித்தவனுக்கு இது புதிதன்று. ஆகவே மூன்றாம் பீப்பாயைக் கியர் பெட்டிக்குக் கொடுப்பதில்லை என்று விரதம் பூண்டிருந்தேன்.

அந்த விரதத்தைச் சோதிக்க வந்தவர் சூசை. பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்து, ஆனேக்கல்லில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் அந்த ஜீப்பு அலறும். சூசையின் கை முரட்டுக் கை, அதனால்தான் அலறுகிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து வரும் டாக்டரம்மாவின் தீர்ப்பு. “வண்டியில கர்ப்பிணி அலறலாம், கியர் அலறக் கூடாது. மாசக் கடைசிக்குள்ள நிக்கலன்னா வேற டிரைவர் பாத்துக்குவேன்” என்று சொல்லிவிட்டார்களாம். நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது என்று கேட்டுவிட்டு, சூசை மூன்றாம் பீப்பாயைச் சுட்டிக் காட்டினார். இவ்வளவு நாற்றம் அடிக்கிற எண்ணெய் எவ்வளவு வீரியமாக இருக்கும் என்பது அவர் வாதம். நான் மறுத்து, சாதாரணத் தொண்ணூறில் இரண்டு போத்தல் கொடுத்தேன். போத்தலை முகர்ந்து பார்த்து, வாசனை ஒன்றும் இல்லாததில் மனம் வாடி அவர் சொன்னது:

“டாக்டரம்மா கசந்தாத்தான் மருந்துங்கறாங்க. நீங்க, நாறினா ஊத்தாதேங்கறீங்க. நான் யாரு பேச்சத்தான் கேக்கறது சாமி?”

தொண்டு

பழைய ஜீப்புகளுக்கு எண்ணெய் குடிக்கும் வழக்கத்தைவிட ஒழுகவிடும் வழக்கமே அதிகம். பத்துப் பதினைந்து நாளில் சூசையின் பெட்டி மீண்டும் வற்றிவிட்டது. டாக்டரம்மாவை விட்டு நகர முடியாமல், சூசை ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் திம்மப்பாவைக் கடைக்கு அனுப்பினார். திம்மப்பாவுக்குக் கன்னடம் மட்டுமே தெரியும்; எனக்கு அது ஒன்றுதான் தெரியாது. அவர் ஒரு கோணிப் பையை நீட்டி, “கியர் எண்ணெ. தொம்பத்து” என்றார்.

கன்னடத்தில் தொம்பத்து என்றால் தொண்ணூறு. இதைக் கடைத் தெருவில் எந்தப் பூக்காரியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. என் காதில் அது ஒன்பதாக ஒலித்தது. சொல்லின் முன்னால் நின்ற தகர எழுத்து ஒருகணம் இடறியது உண்மை. ஆனால் பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றும் ஒரு பெயர் உண்டு. நாம் தொலைத்துவிட்ட தகரத்தைக் கன்னடத்தார் இன்றுவரை காத்து வருகிறார்களே என்று நெஞ்சு நெகிழ்ந்தேன். அந்த நெகிழ்ச்சியில்தான் எல்லாம் நடந்தது. இரண்டு போத்தல் கொள்ளும் கியர் பெட்டிக்கு ஒன்பது எதற்கு? ஆகவே இவர் கேட்பது முன் அச்சுக்கும் பின் அச்சுக்குமாக இருக்க வேண்டும். ஆகவே மூன்றாம் பீப்பாய். இப்படிப் படிப்படியாக, ஒரு படியும் தவறாமல், தவறான இடத்துக்கு வந்து சேர்ந்தேன். கந்தக எண்ணெய் ஒன்பது போத்தல் கோணிப் பையில் இறங்கியது. திம்மப்பா பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து அடங்கி, தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எட்டாம் நாள், ஏழு போத்தல்களைத் திருப்பிக் கொடுக்க அவரே வந்தார். நாற்றத்தை முகர்ந்த சூசை, சாமி ஒருவழியாக மனம் இரங்கிவிட்டார் என்று பூரித்து, இரண்டு போத்தலைக் கியர் பெட்டியில் ஊற்றிவிட்டாராம். இதை ரஹீம் பாய் வந்து மொழிபெயர்த்துச் சொன்னார். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்றே நாள். சூசையின் பித்தளையையும் பிழைப்பையும் சேர்த்து அரிக்கும்படி நானே வார்த்துக் கொடுத்திருக்கிறேன். தொண்டு என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று எந்த உரையிலும் நான் கண்டதில்லை. திம்மப்பா போத்தல்களை ஒவ்வொன்றாகக் கவுண்டரில் அடுக்கிவிட்டு, எனக்கே விளங்கும்படியான கன்னடத்தில் சொன்னார்:

“நானு கேளித்து ஒந்து, சாமி கொட்டித்து ஒம்பத்து.”

டாக்டரம்மாவின் வெள்ளைத் தட்டு

மறுநாள் காலை, சரியான எண்ணெய் இரண்டு போத்தலை எடுத்துக்கொண்டு ஆனேக்கல் பஸ் ஏறினேன். வழி நெடுகப் பதிகம் ஓடவில்லை. பித்தளை வளையம்தான் மனத்தில் சுழன்றது. சூசை என் முகத்தையும் கையிலிருந்த போத்தல்களையும் பார்த்தே விஷயத்தை உணர்ந்து, ஆஸ்பத்திரிப் பின்கட்டில் ஜீப்பின் கீழே படுத்து, பெட்டியின் அடி மரையைக் கழற்றப் போனார். எண்ணெய் பிடிக்கப் பாத்திரம் இல்லை. அவசரத்தில் கட்டுப் போடும் அறையிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துவந்து வைத்து, மரையைக் கழற்றினார். கறுத்த எண்ணெய் அதில் இறங்கியது. கூடவே பொடிப் பொடியாகப் பொன்னிறத்தில் ஏதோ மின்னியது.

தட்டைத் தேடிக்கொண்டு டாக்டரம்மா வந்துவிட்டார்கள். “யாரு இது? என் தட்டுல என்ன இது?” என்றார்கள்.

ஒளிப்பதில் பயன் இல்லை. “அம்மா, நான் எண்ணெய்க் கடைக்காரன். தவறான எண்ணெயைக் கொடுத்தவன் நான். மின்னுவது கியர் பெட்டியின் பித்தளை வளையத்தின் தேய்மானம். டிரைவர்மீது பிழை இல்லை” என்றேன்.

டாக்டரம்மா குனிந்து, பையிலிருந்த இடுக்கியால் ஒரு துணுக்கை எடுத்து வெயிலில் பார்த்தார்கள். “உங்க எண்ணெய் எத்தன நாளா உள்ள இருக்கு?”

“ஏழெட்டு நாள்.”

ஜீப்பின் அடியிலிருந்து சூசையின் குரல் வந்தது. “ஏழெட்டு நாள்ல இவ்ளோ தேயாதுங்கம்மா. இது பட்டாளத்துலயே தேஞ்சது. பெட்டியப் பிரிக்காம யாரு கண்டா?”

“இந்த வளையம் தேஞ்சா என்ன ஆகும்?”

“ரெண்டாவது கியர் போட்டா அலறும்” என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

டாக்டரம்மா துணுக்கை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்கள். பிறகு இடுக்கியைத் தட்டிலேயே போட்டார்கள். “அப்ப ஆறு மாசமா நான் நோயாளிய விட்டுட்டு வைத்தியன வைதிருக்கேன். சூசை, பெட்டியப் பிரிச்சுப் புது வளையம் போடு. வேற டிரைவர் பேச்சு இனி இல்ல. அந்தத் தட்ட மட்டும் மறுபடி என் அறைக்குள்ள கொண்டுவராதே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

என்னை பஸ் ஏற்ற வந்த சூசை, எண்ணெய்க் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“சாமி, நீங்க மட்டும் அன்னிக்குச் சரியான எண்ணெயக் கொடுத்திருந்தா, இந்த மாசக் கடைசியோட என் வேலை போயிருக்கும்.”

கியர் பெட்டிக்கு எந்த எண்ணெய் தகும் என்பதை இன்று எவர் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன். எவருக்கு எந்தத் தவறு தகும் என்பதை அளந்து வார்ப்பவன் மட்டும் எங்கள் கவுண்டருக்கும் மேலே இருக்கிறான்.