ஆடு மேய்ந்ததாக எழுதினேன்

மரக்கன்று நடும் விழாவுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்பதில்லை. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பிதழோடு வந்து நிற்கிறார்கள். வாழ்நாளெல்லாம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர், பிள்ளைகளை ஊக்கப்படுத்தி நாலு வார்த்தை பேச வேண்டுமாம். ஒரு சால்வை, ஒரு சந்தன மாலை, கடையிலிருந்து நேராக வந்த ஒரு மண்வெட்டி. அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அவர்கள் மேல் மட்டும் உள்ள குமட்டல் இல்லை அது.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அப்பா நிலக்கடலை போடும் விவசாயி; எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். நான் இரண்டாம் வருடத்தில் கால் வைத்த அன்றே அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“எம்.எஸ்ஸி. சீட்டு கெடைச்சா படி. கெடைக்கலனா மல்லாட்டக் கொல்லைக்கு வந்துடு. சும்மா சட்டைய மடிச்சி வுட்டுக்கினு டவுனச் சுத்தலாம்னு நெனைக்காத.”

எனக்குக் கொல்லைக்குப் போக விருப்பமில்லை. என் மார்க்கோ இரண்டுங்கெட்டான். அந்த மார்க்கில் வகுப்பில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். சேவைச் சான்றிதழ் வைத்திருப்பவனுக்கு முன்னுரிமை என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் சுற்றுச்சூழல் மன்றத்தில் சேர்ந்தேன். மரத்தின் மேல் உள்ள பாசத்தால் என்று யாராவது நினைத்தால் அது என் தப்பில்லை.

சுற்றுச்சூழல் என்ற சொல்லே அப்போது எங்களுக்குப் புதிது. மன்றத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் அதைச் சொல்லும்போது வாயில் வெல்லம் வைத்தது போலச் சொல்வார். “வருங்காலமே இதுலதாண்டா இருக்கு. முகாமு, மேல்படிப்பு, உத்தியோகம், எல்லாம் இதுல வரும். இப்பவே துண்டு போட்டு எடத்தப் புடிச்சிக்கிங்க” என்பார். நாங்களும் பிடித்தோம். கட்டுரைப் போட்டி நடத்தினோம். மரத்தின் பெருமையை எழுதிய நூறு அட்டைகளை மரத்திலேயே ஆணி வைத்து அடித்தோம். தீபத்துக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் எச்சில் இலையும், புளித்த சோறும், ஓரத்தில் ஜனங்கள் வெளிக்கு இருந்து வைத்ததும் காலில் மிதிபட மிதிபடக் கூட்டி வாரினோம். வாரியதை வண்டியில் ஏற்றிப் போய் ஏரிக்குள் கொட்டிவிட்டு, கரையில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அடுத்த மழைக்கு எல்லாம் தண்ணீரில் மிதந்தது. அது எங்கள் அறிக்கையில் வரவில்லை.

கடைசி வருடம் நான் மன்றத்தின் செயலாளர். அந்த வருடம் மலையடிவாரத்தில் கன்று நடுவதாக ஏற்பாடு. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சரிவு. கல்லும் சரளையுமான அந்த நிலத்தில் மூன்று நாள் குழி வெட்டினோம். கை கொப்புளித்துத் தோல் உரிந்தது. அந்த மூன்று நாள் வேலை மட்டும்தான் நாங்கள் யோக்கியமாகச் செய்தது.

அந்தச் சரிவில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஏரிக்கரைக் குடிசைகளில் இருந்து வருபவள். நாலு ஆடு. அதில் ஒன்று இடது காது பாதி அறுந்த கறுப்புக் கிடா. நாய் கடித்ததாம். ஆள் பயமில்லாமல் வந்து எங்கள் சட்டைப் பையை மோந்து பார்க்கும். அந்த நாலு ஆட்டை வைத்துத்தான் தன் வயிற்றையும், படுத்த படுக்கையாக இருந்த புருஷன் வயிற்றையும் கழுவுவதாகச் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் எங்கே ஊற்று இருக்கிறது என்று கூடவே வந்து காட்டுவாள்.

விழா நாள் காலையில் கன்று வரவில்லை. ஏற்றி வந்த லாரி வழியில் எங்கோ அச்சு முறிந்து நின்றுவிட்டது. பத்து மணிக்கு வேலூரிலிருந்து வனத்துறைப் பெரிய அதிகாரி வருகிறார். பந்தல் போட்டாயிற்று, மைக் கட்டியாயிற்று, குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. சாலையோரத்து வேப்ப மரங்களை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏறுங்கடா. ஆளுக்கு நாலு கெள ஒடிச்சிக்கினு வாங்க. நேரா இருக்கறதா பாத்து ஒடிங்க.”

நாங்கள் தாவரவியல் மாணவர்கள். எந்தக் கிளை வேர் விடும், எது விடாது என்று அதற்கு முந்தின மாதம்தான் செய்முறையில் படித்திருந்தோம். பாடம் நடத்தியவரும் அவரேதான். எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. மரம் வளர்க்கும் விழாவுக்காக வளர்ந்த மரங்களை மொட்டையடித்து, குழிக்கு ஒரு கிளையாக நட்டு, மண்ணை மிதித்துத் தண்ணீர் தெளித்தோம்.

ஆட்டுக்காரம்மா பாறை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்பா, வேப்பங்கொம்ப வெட்டி நட்டா துளுக்குமா? பூவரசங்கொம்பா இருந்தாலும் ஏதோ வேர் வுடும்” என்றாள்.

நாங்கள் சிரித்தோம். பேராசிரியர் சிரிக்கவில்லை. “அந்த ஆட்டயெல்லாம் அந்தாண்ட ஓட்டினு போகச் சொல்லு” என்று என்னிடம் உறுமினார். நான் போய்ச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “பெரிய மனுசங்க வர்ற எடம். நான் இனிமே இந்தப் பக்கமே ஓட்டியாரல தம்பி” என்று சொல்லி, மலையின் மறுபக்கத்துக்கு ஓட்டிப் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதன் பிறகு ஒரு நாள்கூட அந்த ஆடுகளை அங்கே நான் பார்க்கவில்லை.

அதிகாரி வந்தார். பித்தளைச் சொம்பால் ஒரு கிளைக்குத் தண்ணீர் ஊற்றினார். மரம் நம் தாய் என்று அரை மணி நேரம் பேசினார். பேச்சு முடிவதற்குள் தாய் தலை தொங்கிவிட்டாள். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. போண்டா நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஒரே வாரத்தில் எல்லாம் சுள்ளி. மார்கழியில் அந்த அதிகாரியின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நட்டதில் எத்தனை பிழைத்தது, பிழைக்காததற்கு என்ன காரணம் என்று கேட்டிருந்தார்கள். பதிலைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குச் சான்றிதழ். பேராசிரியர் என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார்.

“ஆடு மேஞ்சிடுச்சுனு எழுது. உன் கையெழுத்து நல்லா இருக்கும். சுருக்கமா எழுதுனா போதும்.”

இந்த இடத்தில்தான் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. அவர் சுருக்கமாகத்தான் எழுதச் சொன்னார். ‘ஆடு மேய்ந்துவிட்டது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் எந்த ஆடு, யாருடைய ஆடு என்று கேட்பாரில்லை. நான் அப்படி விடவில்லை. கேட்பவன் நம்ப வேண்டும், சான்றிதழ் தட்டிப் போகக் கூடாது. ஏரிக்கரைக் குடிசைகளில் வசிக்கும் ஒரு பெண்ணின் ஆடுகள் என்று எழுதினேன். நாலு ஆடு என்று எழுதினேன். காது அறுந்த கறுப்புக் கிடாவையும் விடாமல் எழுதினேன். பேராசிரியர் இரண்டு முறை படித்தார்.

“பரவால்லியே. நேர்ல பாத்த மாதிரி எழுதிக்கிறியே” என்று முதுகில் தட்டினார். நான் பூரித்துப் போனேன்.

பதினைந்து நாள் கழித்து, பஸ் நிலையத்துக்குக் குறுக்கு வழியில் போய்க்கொண்டிருந்தேன். வழியில்தான் பிடிபட்ட ஆடுமாடுகளை அடைக்கும் பவுண்டு. அதன் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். உள்ளே சாணியும் மூத்திரமும் கலந்த சேற்றில் நாலு ஆடும் நின்றன. கிடா என்னைப் பார்த்துக் கத்தியது. அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதை எழுதுவதற்கே கூசுகிறது.

“தம்பி, நீ காலேஜி புள்ளதான? நட்டத எல்லாம் என் ஆடு தின்னுடுச்சினு பாரஸ்ட்டுக்காரங்க வூட்டு வரைக்கும் வந்து ஓட்டியாந்து இங்க போட்டுட்டாங்கப்பா. தண்டம் கட்டி மீட்டாலும் இனிமே மலப் பக்கமே வரக்கூடாதாம். நான் அந்தாண்ட ஓட்டினு போனத நீயே பாத்த இல்ல? ஒரு வார்த்த வந்து சொல்லேன்.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவனிடமே அவள் சாட்சி கேட்டாள். நான் பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்தேன்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா.”

அன்று பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதை நிலையத்தில் ஒரு டீ குடித்துக் கழித்தேன்.

சான்றிதழ் வந்தது. தங்க நிற எழுத்து, நடுவில் ஒரு பச்சை மரம். மாசி மாதம் ஒரு சந்தை நாளில் கல்லூரி விட்டு வீட்டுக்கு வந்தால், மாட்டுக் கொட்டகையில் புதிதாக இரண்டு ஆடு கட்டியிருந்தது. ஒரு வெள்ளாடு. இன்னொன்று காது அறுந்த கறுப்புக் கிடா.

“மலையோரத்துப் பொம்பள. பாவம், மேய்க்க எடமில்லனு இருந்த நாலையும் சந்தைக்கி ஓட்டியாந்துட்டா” என்றார் அப்பா. “கம்மி வெலைதான். பேரம்கூட பேசல. கயித்த என் கையில குடுத்துட்டு அங்கயே நின்னுனு இருந்தா. நீ சீட்டு வாங்கினு வா, கிடாவ உனக்குனு அடிச்சிடலாம்.”

அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் நியாயஸ்தர். ஆட்டைத் திருப்பி ஓட்டிப் போகச் சொல்லியிருப்பார், சான்றிதழையும் கிழித்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. கிடா தினமும் சாயங்காலம் என் சட்டைப் பையை மோந்து பார்த்தது.

ஆடியில் சீட்டு கிடைத்தது. நேர்காணலில் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என் பெயருக்கு நேராகக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கிடாவை அடித்து உறவுக்கெல்லாம் சோறு போட்டார். முதல் பந்தியில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். அம்மா ஈரலை எடுத்து என் இலையில் வைத்தாள்.

வாந்தி வரும் என்று எதிர்பார்த்தேன். இன்று ஒரு அழைப்பிதழைப் பார்த்தாலே புரட்டுகிற இந்த வயிறு அன்று புரட்டவில்லை. கறி பஞ்சாக வெந்திருந்தது. நான் ஈரலைத் தின்றேன். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன்.