ராவுத்தர் அண்ணன் கொண்டுவராத சுறா

செத்து ஒதுங்கிய டால்பினின் ஈரலை அறுத்துப் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு போனீர்களே அதிகாரியே, அதில் என்ன இருந்தது என்பதை நீங்கள் மறைத்துவிட்டீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று எழுத மாட்டேன். இத்தனை வருடமாக ஒருவர் உங்கள் ஆபீஸில் கேட்டுக்கொண்டே இருக்கும்போது யாருக்கும் மறக்காது. என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போடுகிறாள், வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத முடிகிறது. ஆகியிருந்தால் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், உங்கள் ஆபீஸ் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு காமயகவுண்டன்பட்டியில். திராட்சைத் தோட்டம்தான் பிழைப்பு. கடலை நான் கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதுவும் ராமேஸ்வரத்தில் கும்பலுக்கு நடுவில். ஆனால் கடல் எங்கள் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் வந்துகொண்டிருந்தது. கம்பத்தில் மீன்கடை வைத்திருந்த ராவுத்தர் அண்ணன் கொண்டுவருவார். கிழக்குக் கரையிலிருந்து விடியற்காலையில் வேனில் இறங்கும் சரக்கை உடைத்து, நல்லதை முதலில் எடுத்து, வாழை இலையில் சுற்றி, மொபெட்டின் முன்னால் ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்து வருவார். இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்த இலைச்சுருள்தான். பிரித்தால் உள்ளே சாம்பல் நிறத்தில், முழங்கை நீளத்தில், தோல் சொரசொரவென்று ஒரு பால் சுறா கிடக்கும். கண் மட்டும் செத்த மாதிரி இருக்காது.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு போட்டால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். என் அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டதால் எனக்குப் பிரசவம் பார்த்ததும் பத்தியம் பார்த்ததும் அத்தைதான். அப்பாவின் தங்கை, எனக்கு மாமியார். சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, முள்ளை எடுத்து, உதிர்த்து, பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் கை நிறைய அள்ளிப் போட்டு நல்லெண்ணெயில் பிரட்டி எடுக்கும். அந்த வாசத்துக்குத் தெருவே எட்டிப் பார்க்கும். பார்க்க வந்தவர்களும் சும்மா வரவில்லை. தேவதானப்பட்டியிலிருந்து வந்த பெரியம்மா சுறாக் கருவாடு கொண்டுவந்தது. மாமாவின் சிநேகிதர் ஒருவர் இரண்டு பெரிய துண்டமாக வாங்கி வந்தார். பாசம் காட்ட வேண்டுமென்றால் சுறா. இன்னும் அதிகப் பாசமென்றால் இன்னும் அதிகச் சுறா. நானும் தின்றேன். காலையில் தின்றேன், மத்தியானம் தின்றேன். பாலும் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை குடித்துக் குடித்துக் கன்னம் உப்பியது.

ஒரு நாள் காலையில் ராவுத்தர் அண்ணன் வெறுங்கையோடு வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். அத்தை பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என்ன ராவுத்தரே, கைய வீசிக்கிட்டு வந்திருக்கீக? சுறா எங்க? இல்ல எங்களுக்குக் குடுக்காம எவளுக்காச்சும் குடுத்துட்டீகளா?"

அவர் சிரிக்கவில்லை. "இனிமே சுறா வேணாம்க்கா. தங்கச்சிக்கு அதக் குடுக்காதீக" என்றார்.

அப்புறம் திக்கித் திக்கிச் சொன்னார். சரக்கு விஷயமாகக் கடற்கரைக்குப் போயிருக்கிறார். ஊரின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன், அங்கே மீன் விற்றுப் பிழைப்பவர்கள் வயிற்றில் நான் அடிக்க மாட்டேன். மணலில் ஒரு டால்பின் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. "ஓங்கல்னு சொல்றாக அங்கன. நம்ம டிவியில பாக்குற டால்பின்தான்க்கா. தாயி. பக்கத்துல குட்டியும் கெடக்கு. ரெண்டும் போச்சு. அம்மாம் பெரிய உசுரு, மனுசப் பொம்பள மாதிரி மார் வச்சுப் பால் குடுக்குமாம்ல. எனக்குப் பாக்க முடியல." கையுறை போட்ட அதிகாரிகள் வந்து வயிற்றை அறுத்து ஈரலையும் சதையையும் பாட்டில்களில் போட்டிருக்கிறார்கள். ராவுத்தர் அண்ணன் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணிடம் எதற்கு என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சொன்னதை அவர் தனக்குப் புரிந்த அளவில் எங்களிடம் சொன்னார். ஆலைக் கழிவிலும் நிலக்கரிப் புகையிலும் சாம்பலிலும் இருக்கிற பாதரசம் கடலில் சேருகிறது. பாசியில் ஏறி, பாசியைத் தின்னும் பூச்சியில் ஏறி, சின்ன மீனில் ஏறி, அதைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகிறது. போகப் போகக் கூடுமே தவிர குறையாது. கடைசியில் இருப்பது சுறா, ஓங்கல் மாதிரி பெரிய உயிர்கள். தாயிடம் இருப்பது குட்டிக்கும் போகும். "எந்த மீனு மோசம்னு கேட்டேன்க்கா. பெருசு எல்லாம், சுறா எல்லாம்னு அந்தப் பிள்ள சொன்னுச்சு."

அத்தைக்கு முதலில் ஏறவில்லை. "நான் மஞ்சத்தண்ணியில மூணு தரம் அலசித்தான் அவிக்கிறேன். அதெல்லாம் போயிரும்" என்றது. போகாதாம் என்று அவர் சொன்னதும் கத்த ஆரம்பித்தது. "அப்ப இம்புட்டு நாளும் வெஷத்தையா வித்தீக? பச்ச ஒடம்புக்காரிக்கு வெஷத்தையா இலையில சுத்திக் குடுத்தீக?" தெரு கூடிவிட்டது. அந்த மனிதர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. சரக்கு வரவில்லை என்று ஒரு பொய் சொல்லி, நெத்திலியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். வந்து, நின்று, வசவு வாங்கிக்கொண்டார். அதிகாரியே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நான் செய்தது இன்னும் மோசம். பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாக நிறுத்தினேன். என் பாலே விஷம் என்று தோன்றிவிட்டது. டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுத்தால் அவள் துப்பினாள். கரண்டியைத் தட்டிவிட்டாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இழுத்துக் கத்தினாள். எனக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. அடுத்த அறையில் நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஆலைக்காரனை நான் வைதபோது அவர் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் பொய்யில்லை. "நம்ம மட்டும் என்ன ஒழுங்கு? கொடிக்கு அடிக்கிற மயில்துத்தம் மழையில எங்கிட்டுப் போகுது? ஆத்துலதான போகுது? ஆறு எங்கிட்டுப் போகுது?" மயில்துத்தம் என்பது செம்பு. அதுவும் உலோகம்தான்.

மறுநாள் காலையில் ராவுத்தர் அண்ணன் மீன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "ஏறுத்தா, தேனிக்குப் போவோம்" என்றார். அத்தை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே ஏறியது. மீன் கவிச்சியில் மூன்று பேரும் போனோம். பிள்ளை வழியெல்லாம் கத்தியது.

தேனி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்கவில்லை. "யாரு பால நிறுத்தச் சொன்னது? முதல்ல பிள்ளையப் போடு. இங்கயே போடு" என்று அதட்டினார். போட்டேன். அந்தப் பிள்ளை குடித்த சத்தத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. டாக்டரம்மா அதற்குப் பிறகுதான் நிதானமாகப் பேசினார். பாதரசம் வயிற்றிலிருக்கும்போது தொப்புள்கொடி வழியாகத்தான் அதிகம் போகும், பாலில் போவது அதைவிடக் குறைவு. மாசமாக இருந்தபோது சுறா தின்றாயா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மசக்கையில் மீன் வாடை பட்டாலே குடலைப் புரட்டும் எனக்கு. பிரசவம் வரைக்கும் மீன் பக்கமே போகவில்லை. அதற்காக அத்தை என்னை வையாத நாளில்லை. "வாய்க்கு ருசி பாக்கத் தெரியாத கழுதை" என்று வைததெல்லாம் அன்றைக்கு எனக்கு ஆசீர்வாதமாகப் பட்டது. நான் தின்றது பெரும்பாலும் சின்னச் சுறா, ஓங்கல் மாதிரி பல வருடம் வாழ்ந்து சேர்த்து வைத்ததில்லை என்றும் சொன்னார். சுறாவை நிறுத்து, நெத்திலியும் மத்தியும் தின்னு, பாலை மட்டும் நிறுத்தாதே என்றார். இருந்தாலும் எனக்கும் பிள்ளைக்கும் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை எப்படி இருந்தோம் என்பதை விட்டுவிடுகிறேன். வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா போனில் சொன்னார். நான் ராவுத்தர் அண்ணனுக்குப் போன் போட்டேன். கடையில் கூட்டம் போல, பின்னால் இரைச்சல். "அண்ணே, நல்லா இருக்காம்" என்றேன். அவர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏலே, தராச நிறுத்துங்கடா, என் தங்கச்சி பிள்ள நல்லா இருக்காம்டா!" என்று கத்தினார். அன்றைக்குச் சாயங்காலம் அத்தை ஒரு கூடை பன்னீர் திராட்சையைக் கட்டி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தது. மன்னிப்பெல்லாம் அதன் வாயில் வராது. "மருந்தடிச்ச பழந்தான், கழுவித் திங்கச் சொல்லு அந்த ராவுத்தர" என்றது. அவ்வளவுதான், சமாதானம் ஆகிவிட்டது.

அவர் அதற்குப் பிறகு சுறா விற்கவே இல்லை. பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து வந்து கேட்பவர்களிடம் எல்லாம் காரணத்தைச் சொன்னார். "ராவுத்தருக்குச் சுறா மேல என்ன கோபம், கடிச்சிருச்சா?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். பக்கத்துக் கடையில் சுறா தாராளமாக விற்றது. இப்போது கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கரைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஓங்கலின் முடிவு என்னவென்று உங்கள் ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் வருவார். படகில் அடிபட்டுச் செத்தது என்றே ஒவ்வொரு முறையும் சொன்னீர்கள். தாயும் குட்டியும் ஒன்றாகவா அடிபட்டன? அடிபட்டே செத்திருக்கட்டும். பாட்டிலில் இருந்த ஈரல் என்ன சொன்னது?

பாதரசம் நரம்பைக் கெடுக்கும், நோயைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும், டால்பின்களின் ஈரலில் வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் என்றெல்லாம் பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதுதான் அந்தத் தாயையும் குட்டியையும் கொன்றது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்தக் கடலில் அந்தத் தாய் தின்ற மீனைத்தான் நாங்களும் தின்கிறோம். ஓங்கலுக்கு யாரும் எதையும் சொல்ல முடியாது. எங்களுக்குச் சொல்லலாம்.

மயிலாடும்பாறையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை இப்போது மாசமாக இருக்கிறாள். எனக்கு இருந்த மசக்கை அவளுக்கு இல்லை. மீன் என்றால் உயிர். நேற்றுப் போனில், "அக்கா, நான் எதத் திங்கலாம், எதத் திங்கக் கூடாது?" என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "இப்பக் கடல் எப்புடி இருக்காம்? கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது, தப்பித்தேன். என் தங்கை அதிர்ஷ்டத்தை நம்பிப் பிள்ளை பெற முடியாது. ஆகவே அதிகாரியே, எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். கம்பம் மீன் சந்தைக்கு வாருங்கள். ஜனம் கூடியிருக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எல்லோருக்கும் புரிகிற தமிழில் சொல்லுங்கள்: அந்தத் தாயின் ஈரலில் என்ன இருந்தது? அதைக் கடலில் விட்டது யார்?