காகிதம் இல்லாத பாடகன்

எங்கள் ராக் குழுவின் பாடகனைப் பொய் சொல்லி விலக்கியவன் நான்தான். புதுச்சேரியில் ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள் விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். "பிரெஞ்சுக் குடியுரிமைக் காயிதம் இருந்தாத்தான் மேடை ஏற விடுவாங்களாம்" என்று அவனிடம் சொன்னேன். அப்படி ஒரு விதியே கிடையாது.

எழுபதுகளில் காரைக்காலில் நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள்; அப்பாக்கள் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள். உறவினர்கள் பாரிசிலிருந்து கொண்டுவந்த ஹார்டு ராக் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு வாசிக்கக் கற்றோம். கிட்டார் என் சித்தப்பா கொடுத்தது. டிரம்ஸ், கல்யாண பேண்டுக்காரர்கள் கழித்துக்கட்டியது. நான்காவது ஆள்தான் அந்தப் பாடகன்; பிரெஞ்சுக் காயிதம் இல்லாத கோட்டுச்சேரிமேட்டு மீனவன். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்போம். ஆனால் அலைச் சத்தத்துக்கு மேலே அடுத்த கட்டுமரத்தைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

முதல் கச்சேரி மாதா கோவில் திருவிழாவில். இரண்டாவது பாட்டிலேயே சாமியார் மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவன் மைக் இல்லாமலே பாடி முடித்தான். பிறகு கல்லூரி விழாக்கள், கல்யாண வரவேற்புகள் என்று நாகப்பட்டினம் வரை போனோம். எங்கும் கூட்டம் அவனைத்தான் கேட்டது. நான் பாடினால் டீ குடிக்க எழுந்து போனார்கள். அந்தப் பொறாமைதான். வேறு காரணம் சொன்னால் அது இன்னொரு பொய்.

காயிதம் வேண்டும் என்று நான் சொன்னதும் அவன் காலால் மணலைத் தள்ளினான்.

"சட்டம்னா நீ என்னடா பண்ணுவ? போய் நல்லா பாடு. மேல போறப்ப கத்தாத, மூச்சப் புடிச்சு வச்சுக்க."

விழாவுக்கென்று தைத்திருந்த கறுப்புச் சட்டையையும் என்னிடமே கொடுத்தான். மற்ற இருவரிடம் அவன் கடலுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன்.

நான் பாடி இறங்கியதும் விழாக்காரர் கேட்டார்: "உங்க பாடகர் வரலீங்களா?"

அதன் பின் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. காயிதம் உள்ளவங்களே பாடட்டும் என்று சொல்லியனுப்பினான். இரண்டு மூன்று வருஷம் சினிமாப் பாட்டு வாசித்து ஓட்டினோம். பிறகு ஒவ்வொருவராகப் பிரான்சுக்குப் போனோம், குழு கலைந்தது.

எண்பதுகளில் ஒரு விடுமுறையில் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"அப்ப, யாரு வேணாலும் பாடியிருக்கலாமா?"

"பாடியிருக்கலாம்."

"எம் பொண்டாட்டிகிட்டகூட அது சட்டம்னுதான்டா சொல்லி வச்சிருக்கேன்."

காரைக்காலில் நடக்கும் ஜூலை பதினாலு விழாவில், பழைய குழுவாகச் சேர்ந்து எங்களோடு பாட வரச்சொல்லிக் கேட்டேன். "போடா" என்றான். அந்த வருஷம் அவன் வரவில்லை.

அடுத்த வருஷ விடுமுறையில், காரைக்கால் கோவில்பத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "ஒத்திகை எப்படா?" என்றான்.

மற்ற இருவரும் விடுமுறையில் வந்திருந்தார்கள். மேடையில் இரண்டு பாட்டுப் பாடினான். குரல் கரகரத்தது, ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. மூன்றாவதற்கு முன் மைக்கைப் பிடித்தான்.

"காயிதம் இல்லாம பாட முடியாதுன்னு இந்த கிட்டார்காரன் சொன்னான். நானும் நம்புனேன். ரெண்டு பேர்ல யாரு பெரிய மடையன், நீங்களே சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "ம், ஆரம்பி" என்றான்.