பீட்டர்ராஜின் கை

"கையத் தூக்குறேன், ஜெயம்."

பரணிலிருந்து அரிசி மூட்டையை இறக்கப் போனாலும் சரி, மின்விசிறியைத் துடைக்கப் போனாலும் சரி, மனைவி பக்கத்தில் இருந்தால் பீட்டர்ராஜ் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் வலது கையை மேலே கொண்டுபோவார். சொன்ன பிறகும் சற்று நிற்பார். ஜெயமேரி தள்ளி நின்றதும் கை மெல்ல எழும்பும்.

பிழைப்போ நாள் முழுக்கக் கையைத் தூக்கி நிற்கிற பிழைப்பு. சின்னமனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில், பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று பன்னீர் திராட்சை வெட்டுகிறார். ஐம்பதைத் தாண்டியும் அந்தத் தோள் அசந்ததில்லை. முன்பெல்லாம் அவர் வெட்டுகிற கொத்தை ஜெயமேரிதான் கூடையில் வாங்குவாள். இப்போது பந்தலின் எதிர்க்கோடியில் தனியாக வெட்டுகிறாள். யாராவது கேட்டால், "அங்கன நெழலு நல்லாருக்கு" என்பாள், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு.

அந்த வாயில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் இல்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் அன்று, குடித்துவிட்டு வந்து மறுபடியும் பைக்கை எடுக்கப் போனவரிடம் அவள் சாவியைத் தரவில்லை. "வண்டிய எடுக்காதீக, விழுந்துருவீக" என்றாள். சொன்னது அவ்வளவுதான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பழமொழி உண்டு. அதைச் சொன்ன ஆள் நிச்சயம் அடி வாங்கினவர் இல்லை.

அன்றோடு குடியை விட்டார். ஊரில் மெச்சுகிறார்கள். மெச்சினால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன், சாமியாரும் மன்னிப்புக் குடுத்துட்டாக. இவதேன் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்பார்.

பல் கட்டியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவர்தான். கழற்றி மாட்டுகிற செட்டே போதும் என்றாள் ஜெயமேரி. "வேணாம் ஜெயம்" என்றார் அவர். "ராத்திரி அதக் கழட்டி டம்ளர்ல போட்டா, விடிய விடிய என்னயவே பாக்கும்."

சின்னமனூரில் பல் டாக்டர் ஹேமாவதி படம் எடுத்துப் பார்த்தார். தாடை எலும்பில் திருகு வைத்து, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் விட்டு, பிறகு மேலே பல் பொருத்தலாம் என்றார்.

"பல்லு எப்படிம்மா போச்சு?"

"தொட்டிகிட்ட வழுக்கி விழுந்துட்டேன்."

"வழுக்கல டாக்டர்" என்றார் பீட்டர்ராஜ். "நாந்தேன் அடிச்சேன்."

டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார். உள்ளே ஜெயமேரி தனியாக என்ன சொன்னாள் என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

திருகு வைத்த வாரங்களில் கேப்பைக் கூழ் காய்ச்சியதும் சோற்றைக் குழைய வடித்ததும் அவர்தான். போகும்போதெல்லாம், "எலும்பு புடிச்சிருச்சா டாக்டர்?" என்று கேட்டு அந்தம்மாவைப் படுத்தி எடுத்தார். புதுப் பல் வந்துவிட்டால் அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரி வீட்டைவிட்டுப் போய்விடும், அவள் பழையபடி பக்கத்தில் வந்து கூடையை ஏந்துவாள் என்று மனுஷன் நம்பிக்கொண்டிருந்தார்.

போன வாரம் பல் பொருத்தியாயிற்று. ஜெயமேரி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். தலைப்பு தோளிலேயே கிடந்தது. பீட்டர்ராஜ் அழுதுவிட்டார்.

திரும்பும்போது கம்பம் பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவர் பக்கத்தில் நின்றார். சந்தோஷத்தில் வழக்கம் மறந்துபோயிற்று. ஒரு வளைவில் பஸ் குலுங்க, கை தானாக மேல்கம்பிக்குப் போனது.

ஜெயமேரி தலையைச் சாய்த்து ஒடுங்கினாள். உள்ளங்கை புதுப் பல்லைப் பொத்திக்கொண்டது.

பீட்டர்ராஜ் கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த குலுக்கலில் தடுமாறினார்.

"கம்பியப் புடிங்க, விழுந்துருவீக" என்றாள் ஜெயமேரி. சொல்லும்போதும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.