கர்ச்சீப்புக்கு அடியில் மைனஸ் மூன்று

1. தெரிந்தது ஒரே ஸ்கேல்

கீபோர்டில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்கேல்தான். சி மேஜர். அதன் தங்கச்சி ஏ மைனரையும் சேர்த்துக்கொண்டால் ஒன்றரை. இதை வைத்துக்கொண்டுதான் செங்கல்பட்டில் எங்கள் திருச்சபையில் முப்பது வருஷம் வாசித்திருக்கிறேன். பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு. இரண்டையும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் கொயர் லீடர் தங்கராஜ் சார், "தம்பி, இந்தப் பாட்டை டி-யில எடு" என்றார். எனக்கு டி வாசிக்கத் தெரியாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் பிளஸ் இரண்டு வைத்தால், விரல் சி-யில் போகும், சத்தம் டி-யில் வரும். வைத்தேன், வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் அவர் வந்து தோளில் தட்டி, "டி நல்லா பழகியிருக்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். உண்மை தெரிய அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. தெரிந்தபோது, "விரல் பொய் சொல்லுது, காது நிஜம் சொல்லுது. போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

கீபோர்டு வாசிக்கிற நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் வாசிக்கிறோம், அதில் வெட்கமில்லை. ஆனால் அந்தப் பட்டனால் நான் செய்த ஒரு தப்பை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு விவரத்தை மட்டும் நினைவில் வையுங்கள். என் கீபோர்டில் கரண்ட் போய் வந்தால் டிரான்ஸ்போஸ் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

2. லில்லியின் பாட்டு

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். ஒரே ஒரு மெழுகுவர்த்தி. நான் கீபோர்டில் மூன்று சுரம் சேர்த்து ஒரு கார்டு கொடுத்து அப்படியே பிடித்துக்கொள்வேன். ஒரு குரல் மட்டும் முதல் சரணத்தைப் பாடும். எங்கள் சபை ஆசிரியை ஒருவர் எழுதிய பாட்டு. நான்காவது வரி நேராக மேலே ஏறும். அது முடிந்ததும் விளக்குகள் எரியும், கொயர் முழுக்கச் சேர்ந்துகொள்ளும்.

அந்தக் குரல் பதினெட்டு வருஷமாக என் மனைவி லில்லியுடையது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாதம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்தார்கள், பயப்படும்படி ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். பேச்சு பத்து நாளில் திரும்பிவிட்டது. டாக்டர் மட்டும், "மேல் ஸ்தாயி பழையபடி வரலாம், வராமலும் போகலாம்மா. பாடிப் பாத்தாதான் தெரியும்" என்று நேராகவே சொன்னார்.

நவம்பர் கடைசியில் முதல் பிராக்டிஸ். வழக்கம்போல சி-யில் கொடுத்தேன். மூன்று வரி நன்றாகப் போனது. நான்காவது வரியில் குரல் நூலாக இளைத்து அறுந்தது. தங்கராஜ் சார் அடுத்த பாட்டை எடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"இன்னும் நாலு பிராக்டிஸ் இருக்குங்க. அதுக்குள்ள வரலைன்னா நான் கொயர்லயிருந்தே நின்னுடறேன். கூட்டத்துல வாயசைச்சிக்கிட்டு நிக்க என்னால முடியாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

3. டிசம்பர்

கீபோர்டுக்காரனின் டிசம்பருக்கு முப்பத்தொரு நாள் போதாது. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளின் கேரல் நிகழ்ச்சி. நாவலூரில் ஒரு அப்பார்ட்மென்ட் விழா. அங்கே அசோசியேஷன் செக்ரட்டரி வந்து, "சார், பக்தியாவும் இருக்கணும், ஆடறாப்லயும் இருக்கணும், எட்டு மணிக்குள்ள முடியணும்" என்றார். மூன்றையும் செய்தேன். மூன்றாவதை மட்டும்தான் பாராட்டினார்.

பொத்தேரியில் பாட வந்த ஒரு பெண் மேடை ஏறுவதற்கு முன்னால் என்னிடம் ஓடி வந்தாள். "அங்கிள், தொண்டை மொத்தமா அவுட்டு. ரெண்டு இறக்கிக் குடுங்களேன்." இறக்கினேன். அழகாகப் பாடிவிட்டுப் போனாள். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அந்த யோசனை வந்தது.

அடுத்த பிராக்டிஸில் லில்லியின் பாட்டுக்கு டிரான்ஸ்போஸை மைனஸ் ஒன்றில் வைத்தேன். டிஸ்பிளேயில் அந்த எண் பச்சையாகப் பளிச்சென்று எரியும். பக்கத்தில் நிற்கிற யாருக்கும் தெரியும். அதனால் முகம் துடைத்துவிட்டு மறந்து வைத்தவன் மாதிரி என் கர்ச்சீப்பை அதன் மேல் போட்டேன். அடுத்த வாரம் மைனஸ் இரண்டு. அதற்கடுத்த வாரம் மைனஸ் மூன்று. ஒரேயடியாக இறக்கினால் காது கண்டுபிடித்துவிடும், படிப்படியாக இறக்கினால் தெரியாது என்பது என் கணக்கு.

பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிற டானியேல் காதுக்குத் தெரிந்துவிட்டது. மேளாத்தெருவில் பிரியாணிக் கடை வைத்திருப்பவன், உடம்பும் குரலும் ஒரே அளவு.

"இன்னாண்ணாத்த இது? வாரா வாரம் பாட்டு கீழ எறங்கிகினே போவுது. எனுக்கு அடித்தொண்டையில காத்துதான் வருது!"

"உனக்கு சளிடா."

"எனுக்கா சளி? மிளகாத்தூள் நெடியில நிக்கிறவன் நானு. சளி எங்கூட்டுப் பக்கமே வராது."

அவனைத் தனியாக அழைத்துப் போய் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். "அக்காவுக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். "சரி, நான் வாயத் தொறக்கல. ஆனா இது பேஜாரான வேலைண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கடைசி பிராக்டிஸில் நான்காவது வரி சிரமமே இல்லாமல் ஏறி நின்றது. லில்லி பாடி முடித்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தங்கராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மகள் ஷீபாவுக்குப் போன் போட்டாள். "வந்துடுச்சுடி! பழைய குரல் அப்படியே வந்துடுச்சு!" நான் சமையல்கட்டில் தண்ணீர் குடிப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை அவ்வளவு நேரம் நான் குடித்ததே இல்லை.

4. மெயின்

கிறிஸ்துமஸ் அதிகாலை. மகளும் மருமகன் கார்த்தியும் பேத்தியும் முதல் வரிசையில் இருந்தார்கள். கார்த்தி படாளத்துப் பிள்ளை, விவசாயக் குடும்பம். அதிகாலை ஆராதனைக்கு வருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஆராதனை முடிந்ததும் எல்லோருமாக மாமல்லபுரம் போக ரூம் போட்டிருந்தார். டிசம்பரில் நான் குடும்பத்தோடு எங்கேயும் போனதில்லை என்று ஷீபா வருஷா வருஷம் சொல்லிக் காட்டுவாள், அதற்காக.

விளக்கு அணைக்கிற நேரம் வந்தது. சபைக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற எங்கள் கோயில்பிள்ளை மணி வழக்கமாகச் சுவிட்சு சுவிட்சாக அணைப்பார். அந்த வருஷம் வாலிபர்கள் ஜன்னல், தூண், பால்கனி என்று கண்ட இடத்திலெல்லாம் சீரியல் லைட் சொருகியிருந்தார்கள். பிறகு கேட்டபோது சொன்னார்: "அத்தினி சீரியல ஒண்ணொண்ணா எங்க சார் அணைக்கிறது? மெயினையே புட்சி எறக்கிட்டேன். மைக்கும் பூட்ச்சேன்னு, லைட்டு ஃபியூஸ மட்டும் புடுங்கிட்டு மெயின மறுபடி ஏத்தினேன்."

சில விநாடிதான். கீபோர்டு செத்து, தானாக உயிர் வந்தது. நான் வால்யூமைப் பார்த்தேன். பியானோ டோன் இருக்கிறதா என்று ஒரு சுரம் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். டிஸ்பிளே மேல் கர்ச்சீப் கிடந்தது. வழக்கம்போல.

கார்டு கொடுத்தேன். விரல் சி-யில்தான் இருந்தது. எப்போதும் அங்கேதானே இருக்கும்.

லில்லி இரண்டாவது வரிக்கு வந்தபோது அவள் கழுத்து நரம்பு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கர்ச்சீப்பை இழுத்தேன். பூஜ்ஜியம்.

விரல் டிரான்ஸ்போஸ் பட்டன் மேலே போய் நின்றது. அமுக்கினால் அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே சுருதி காலடியிலிருந்து உருவிக்கொண்டு போகும். அமுக்காவிட்டால் நான்காவது வரி வரும். நான் அமுக்கவில்லை.

நான்காவது வரி வந்தது. குரல் ஏறியது, இளைத்தது, அறுந்தது. அவள் மறுபடி முயற்சி செய்யவில்லை. மைக்கைக் கீழே இறக்கினாள். பின்வரிசையிலிருந்து டானியேல் பல்லவியை எடுத்தான். கொயர் தடுமாறி அவன் பின்னால் போனது. மணி அவசரமாக விளக்கைப் போட்டார்.

முடிந்ததும் வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் லில்லி தன் பாட்டு ஃபைலைத் தங்கராஜ் சாரிடம் நீட்டினாள்.

"வேற யாருக்காவது குடுங்க சார்."

"என்னம்மா நீ, பனிக்காலம். எல்லாருக்கும்தான் தொண்டை கட்டுது."

"பனி இல்ல சார். போன வாரம் வரைக்கும் வந்துச்சு."

கார்த்தி என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "மாமா, அத்தை பாட்டு அவ்ளோதானா? நல்லா போயிட்டிருந்துச்சே." பிள்ளை தெரியாமல் கேட்டார். நான் என் கேக்கைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

5. கடற்கரை

திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் காரில் பேத்தி மட்டும்தான் பேசினாள். லில்லி ஆபரேஷன் தழும்பை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ரூமுக்குப் போனதும் ஷீபாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மறுபடி ஒரு ஸ்கேன் எடுக்கணும்டி. நாலு நாள்ல போற குரலா அது? உள்ள திரும்பக் கட்டி வந்திருக்கு போல. அப்பாகிட்ட இப்ப சொல்லாத. லீவுக்கு வந்த இடத்துல பயந்துடுவாரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சாயங்காலம் மற்றவர்களைச் சிற்பங்கள் பக்கம் அனுப்பிவிட்டு அவளைக் கடல் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டுமரம் ஏற்றி வைத்திருந்த மணலில் உட்கார்ந்தோம். மைனஸ் ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் இறக்கியது, கர்ச்சீப், மணி இறக்கிய மெயின், எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியெல்லாம் இல்லை, தப்பு என்னுடையது என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"டானியேலுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிரியாணிக் கடைக்காரனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். பாடறவ எனக்குத் தெரியாது. நல்லா இருக்குங்க!"

"நீ நின்னுடுவேன்னு சொன்னே. அதான்..."

"டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, வராமலும் போகலாம்னு. நான் செத்தா போயிட்டேன்? என் தொண்டை எதுவரைக்கும் போகும்னு எனக்குத் தெரிய வேணாமா? இல்லாத குரலை இருக்குன்னு ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்ல வச்சிட்டீங்களே."

அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பிடும்போது மீன் வறுவலைத் தட்டில் வைத்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"உங்க போன்ல பியானோ இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க. கர்ச்சீப் வேணாம்."

கர்ச்சீப்புக்கு அடியில் இருந்த மைனஸ் மூன்றிலேயே, அதாவது ஏ-யில், தொடங்கச் சொன்னாள். நான்காவது வரியை மட்டும் பாடினாள். நன்றாக நின்றது. அரை சுருதி ஏற்றச் சொன்னாள், நான் பெயர் சொல்லிக் கொடுத்தேன். பி ஃப்ளாட். அதுவும் நின்றது, கொஞ்சம் முயற்சியோடு. இன்னும் அரை. பி-யில் குரல் இழுத்தது. மறுபடி பாடிப் பார்த்தாள். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பி ஃப்ளாட்டுங்க. அதுதான் எனக்கு."

பதினெட்டு வருஷமாக எந்த ஸ்கேலில் பாடுகிறோம் என்று அவள் கேட்டதில்லை. நான் கொடுப்பேன், அவள் பாடுவாள். அன்றைக்குத்தான் தன் சுருதியைத் தானே எடுத்துக்கொண்டாள். நான் வெறுமனே விசையை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

6. கேட்டு வாசியுங்கள்

ஜனவரி முதல் ஞாயிறு தங்கராஜ் சாரிடமிருந்து ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கொயர் முன்னால் நின்று, "என் பாட்டு இனிமே பி ஃப்ளாட். ஆபரேஷனுக்கு அப்புறம் அதுக்கு மேல வரல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆண்களில் மேல்குரலான டெனரில் பாடுகிற ஒருவர் மெல்ல, தனக்கும் இரண்டு பாட்டு வருஷக் கணக்காக எட்டவில்லை என்றார். இன்னொரு அம்மா, தான் அந்த இடத்தில் வாயை மட்டும் அசைப்பதாகச் சொன்னார். அன்றைக்குப் பாதி பிராக்டிஸ் ஸ்கேல் மாற்றுவதிலேயே போனது. தங்கராஜ் சார் பேப்பரில் குறித்துக் குறித்து, "இத்தனை வருஷம் நான் யாருக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தேன்?" என்றார்.

வாசிக்கிற பிள்ளைகளே, பாடுகிறவர் கேட்டு இறக்கினால் அது உதவி. கேட்காமல் இறக்கினால், எவ்வளவு பிரியத்தோடு செய்தாலும், அவர் குரலை அவரிடமிருந்தே மறைக்கிறோம். டிரான்ஸ்போஸ் பட்டன் நம் விரலுக்காக இருக்கிறது. சுருதி பாடுகிறவருடையது. வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டுவிட்டு வையுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு விளக்கெல்லாம் அணைந்தது. மணி இந்தத் தடவை சுவிட்சு சுவிட்சாக அணைத்தார். லில்லி மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள். நான் பி ஃப்ளாட் வைத்துக் கை தூக்கினேன். அவள் என் பக்கம் திரும்பினாள். மைக் ஆனில் இருந்தது, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"வீடு வீடா கேரல் ரவுண்ட்ஸ் போய் தொண்டை கட்டியிருக்குங்க. அரை இறக்கி ஏ குடுங்க."

கொடுத்தேன்.